கழிவு போட்ட மேஸ்திரி

“உதைக்கத் தெரியாதவனை வச்சுக்கணுமா, தூக்கிடணுமா? ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. எனக்கு நேரமில்லை.”

குடைச்சாமி குடையைக் கொஞ்சம் சாய்த்து, வந்தவரைப் பார்த்தார்.

“யாரை உதைக்கணும்?”

“ஆளை இல்லை சாமி. பந்தை.”

“பந்து என்ன தப்புப் பண்ணுச்சு?”

வெள்ளைத்துரை பல்லைக் கடித்துக்கொண்டார். மலை ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அட்டை கடித்த முழங்கால் அரித்தது. எல்லாரும் போய்க் கேட்கிறார்களே என்று வந்தால் இப்படி.

அவருக்கு அறுபது நெருங்குகிறது. சாமிக்கு நாற்பதுகூட இருக்காது. வயதில் சின்னவனிடம் கைகட்டி நிற்பது வேறு எரிச்சல்.

எஸ்டேட்டுக்கு மேலே, சோலைக்காடு தொடங்கும் இடத்தில் ஒற்றை அறை ஒன்று உண்டு. மழை அளப்பதற்காக எந்தக் காலத்திலோ கட்டியது. அளக்கிற கருவி போய்விட்டது. மழை மட்டும் தவறாமல் வந்தது. ஒரு ஆனி மாதம் குடையோடு ஒருவர் வந்து அங்கே உட்கார்ந்தார். கூரை ஒழுகியது. அவர் கூரையைச் சரிசெய்யவில்லை. உள்ளே உட்கார்ந்தபடியே குடையை விரித்துக்கொண்டார்.

அவ்வளவுதான். குடைச்சாமி ஆகிவிட்டார்.

குடை விரிந்திருந்தால் பேசலாம். மடக்கிவிட்டால் பேச்சு முடிந்தது. கிளம்ப வேண்டியதுதான்.

குடை விரிந்தே இருந்தது.

“முதல்ல இருந்து சொல்லுங்க மேஸ்திரி,” என்றார் சாமி.

வெள்ளைத்துரையை எல்லாரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். பங்களாவில் ஏற்கெனவே ஒரு துரை இருந்தார். ஒரு எஸ்டேட்டுக்கு ஒரு துரை போதும்.

மேஸ்திரி சொன்னார்.

அவர் வேலை தேயிலைக் கொழுந்து நிறுப்பது. பெண்கள் பறித்து வரும் மூட்டைகளைத் தராசில் மாட்டி எடை சொல்ல வேண்டும். அது வயிற்றுக்கு. மனசுக்கு, சாயங்காலம் கீழ் எஸ்டேட் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பார். தலை நரைக்கும் வரை சொல்லிக்கொடுத்தும் எஸ்டேட் கோப்பை ஒரு தடவைகூடக் கீழே இறங்கி வரவில்லை. மேல் எஸ்டேட்காரர்கள் விடவில்லை.

இந்த ஆனியோடு அவருக்கு வேலை முடிகிறது. எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீட்டைக் காலிசெய்துவிட்டு மலையை விட்டு இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அந்தக் கோப்பையைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும்.

இறுதி ஆட்டம் மாசியில் நடந்திருக்க வேண்டியது. யானை இறங்கி ஒரு கோல் கம்பத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. மறுபடி கம்பம் நடுவதற்குள் ஆனி வந்துவிட்டது. வருகிற ஞாயிறு ஆட்டம்.

“சரி. உதைக்கத் தெரியாதவன் யாரு?”

“மருதை. நடுவுல ஆடுறவன்.”

“உங்களுக்கு என்ன வேணும்?”

மேஸ்திரி மழையைப் பார்த்தார்.

“மருமகன்.”

“அப்படிச் சொல்லுங்க,” என்றார் சாமி.

*

மருதை கெட்டவன் இல்லை. அதுதான் சிக்கலே.

பயிற்சிக்கு முதலில் வருவான். கடைசியில் போவான். ஆட்டம் முழுக்க ஓடுவான். எதிராளி காலிலிருந்து பந்தைப் பறிப்பான், ஆள் மேல் ஒரு கீறல் விழாது. விழுந்தவன் எதிரணிக்காரனாக இருந்தாலும் கைகொடுத்துத் தூக்குவான்.

உதைக்கச் சொன்னால்தான் தகராறு.

‘மருதை உதைச்சா பந்துக்கு வலிக்காது’ என்று லயத்தில் ஒரு பேச்சு. ‘உதைக்கிறானா, தாலாட்டுறானா?’ என்று பெண்கள்கூடக் கேட்டார்கள்.

அரையிறுதியில் எல்லாரும் பார்க்க நடந்தது. எதிரணி கோலி விழுந்துகிடக்கிறான். முன்னால் காலியான கோல். மருதை உதைத்தான். பந்து உருண்டது. உருண்டுகொண்டே இருந்தது. கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் களைத்துப்போய் நின்றுவிட்டது.

மைதானமே சிரித்தது.

நல்லவேளை, பேக்டரியில் புதிதாகச் சேர்ந்த ரூபன் பின்னால் வந்து அடித்தான். அவன் உதை வேறு ஜாதி. அவன் அடித்தால் பந்து சில்வர் ஓக் மரத்துக்கு மேலே போய், இலையோடு இறங்கும்.

“ரூபன் முன்னால ஆடுறான். அவனுக்குத் துணையா அதே மாதிரி உதைக்கிற இன்னொருத்தன் இருக்கான், தங்கையன்,” என்றார் மேஸ்திரி. “அவனை இறக்கணும்னா மருதையைத் தூக்கணும். ஊர் என்ன சொல்லுது தெரியுமா? மருமகன்கிறதுக்காக மேஸ்திரி வச்சிருக்காருங்குது.”

“வச்சிருக்கீங்களா?”

“நானா? எடை போடுற ஆளு நான். சொந்தப் பொண்டாட்டி மூட்டைக்கே கழிவு போட்டவன்.”

சாமி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். குடை நுனியிலிருந்து ஒரு சொட்டு மேஸ்திரியின் காலில் விழுந்தது.

“கழிவுன்னா?”

“பனியில பறிச்ச கொழுந்துல ஈரம் இருக்கும். ஈரத்துக்கு எடை கொடுக்க முடியுமா? அதைக் கழிக்கணும். சாக்குக்குக் கழிக்கணும். முத்தல் இலைக்குக் கழிக்கணும்.”

“மூட்டையைப் பார்த்ததும் முதல்ல என்ன தோணும்?”

“எவ்வளவு கழிக்கலாம்னுதான்.”

“பொண்டாட்டி மூட்டைக்கு?”

“ஒரு பிடி கூடக் கழிப்பேன். நாலு பேர் பேசக்கூடாதுல்ல.”

சாமி வெளியே பார்த்தார். கீழே பள்ளத்தில் மைதானம் தெரிந்தது, உள்ளங்கையளவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பனித்திரை அதன் மேல் நகர்ந்து வந்து மூடியது. மைதானம் இல்லை. கம்பங்கள் இல்லை. மலையே ஏதோ யோசனையில் கண்ணை மூடியது போல் இருந்தது.

“ஒண்ணு செய்யுங்க,” என்றார் சாமி. “ஒரு காலிச் சாக்கு எடுத்துக்குங்க. சாயங்காலம் பனி இறங்குறப்போ மைதானத்து நடுவுல போய், சாக்கு வாயைப் பிரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. நிறைஞ்சதும் கட்டி எடுத்துட்டுப் போய் நிறுத்துப் பாருங்க.”

“எதை?”

“பனியை.”

“சாமி, நான் கால்பந்து பத்திக் கேட்டேன்.”

“நானும் அதைத்தான் சொல்றேன்.”

குடை மடங்கியது.

*

பைத்தியக்காரன் என்று திட்டிக்கொண்டே இறங்கினார் மேஸ்திரி. பாதி வழியில் நின்றார். நிறுக்கச் சொல்லி ஒருவர் கொடுத்த சாமானை நிறுக்காமல் விட்டு அவருக்குப் பழக்கமில்லை.

மறுநாள் சாயங்காலம் சாக்கோடு மைதானத்துக்குப் போனார்.

பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பனி தேயிலைச் செடிகளின் மேல் தவழ்ந்து வந்தது. முதலில் மேல்பக்கத்துக் கோல் போனது. அப்புறம் சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக. அப்புறம் பையன்களின் கால்கள். இடுப்புக்கு மேலே மட்டும் ஆட்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். அதுவும் போனது.

மேஸ்திரி சாக்கை விரித்துப் பிடித்து, வெள்ளைக்கு நடுவில் தனியாக நின்றார்.

என்னவோ தூக்கத்துக்குள் நிற்பது போல இருந்தது. தான் நிற்பது மலையா, மேகமா? தன் கையே சாக்கின் ஓரத்தில்தான் இருக்கிறதா? சாக்கு கனப்பது போலவும் இருந்தது, கனக்காதது போலவும் இருந்தது.

ஒரு குரல் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது.

“பின்னால ஆள் வர்றான், விட்ரு விட்ரு! இடது பக்கம் காலி. ஆங், திரும்பு! மேஸ்திரி நடுவுல நிக்கிறாரு, ஒதுங்கி வாங்கடா! பந்து என்கிட்ட இல்லை, செல்வம்கிட்ட. செல்வம், நிமிர்ந்து பாரு!”

மருதை. ஆடும்போது அவன் வாய் மூடியதே இல்லை. கல்யாணமான புதிதில் மகளிடம்கூடக் கேட்டிருக்கிறார், வீட்டிலும் இப்படித்தானா என்று.

“வாயை மூடிட்டு ஆடுடா!” என்று கத்தினார்.

“சரிங்க மேஸ்திரி!” என்றது பனி. “ரூபன், அங்க நிக்காதே, இன்னும் ரெண்டு எட்டு முன்னால போ!”

மைதானத்தில் மாமா கிடையாது, மேஸ்திரிதான் என்று சொல்லிவைத்திருந்தார். அதை மட்டும் ஒழுங்காகக் கேட்பான்.

காலடிகள் வந்தன, போயின. பந்து ஒருமுறை அவர் காதோரம் உரசிக்கொண்டு போனது போலிருந்தது. ஒருவனும் அவர் மேல் மோதவில்லை.

சாக்கு வாயைக் கட்டினார். எடைக் கொட்டகைக்குப் போய்த் தராசில் மாட்டினார். முள் கொஞ்சம் நகர்ந்தது.

*

“கால் கிலோ,” என்றார் மேஸ்திரி, அடுத்த நாள்.

“பரவாயில்லையே,” என்றார் சாமி. “அதுல எவ்வளவு கழிக்கலாம்?”

“அத்தனையும் ஈரம். அத்தனையும் கழிவு.”

“கழிச்சா?”

“வெறும் சாக்கு.”

“சாக்குக்குள்ள வேற எதுவும் வந்து விழலையா?”

“வேற என்ன விழும் சாமி? பனியில என்ன இருக்கு?”

சாமி குடையை மடக்கினார். கூரைத் தண்ணீர் அவர் உச்சந்தலையில் சொட்டியது. அவர் துடைக்கவில்லை.

மேஸ்திரிக்குக் கோபம் தலைக்கேறியது. “இதுக்குப் பேசாம நானே முடிவு பண்ணியிருப்பேன்.”

சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

*

அன்று மத்தியானம் எடைக் கொட்டகையில் உட்கார்ந்தபடியே மேஸ்திரி கண்ணயர்ந்துவிட்டார்.

கனவில் மருதையைத் தராசில் மாட்டியிருந்தார். அவன் அந்தரத்தில் ஓடிக்கொண்டிருந்தான். முள் நிற்கவில்லை. நில்லுடா, நிறுக்கணும் என்றார். நின்னா என்ன மேஸ்திரி இருக்கும் என்கிட்ட என்றான் அவன், ஓடிக்கொண்டே. கொட்டகைக்குள் பனி வந்தது. கொக்கியில் யாருமில்லை. முள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

முழித்தார். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

முன்னால் அவர் மனைவி சின்னப்பொண்ணு, மூட்டையோடு.

“என்ன, தூக்கத்துலயும் கழிக்கிறீங்களா?”

“பேசாம மாட்டு.”

மாட்டினாள். அவர் எடை பார்த்தார். கழித்தார். ஒரு பிடி கூட.

அவள் மூட்டையை இறக்கவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

“மருதையை வெளிய உட்காரவைக்கப் போறீங்களாமே?”

“யார் சொன்னா?”

“லயமே சொல்லுது. இத்தனை வருசமா என் மூட்டையில கழிச்சீங்க. நானும் வாயைத் திறக்கல, புருசன் பேரு கெடக்கூடாதுன்னு. இப்ப மக தலையிலயும் கழிக்கணுமா?”

“அவன் உதைப்பானா? நீ பார்த்ததானே அரையிறுதியில?”

“பார்த்தேன். அந்தக் காலி கோலுக்கு முன்னாடி பந்து எப்படி வந்துச்சுன்னு நீங்க பார்த்தீங்களா?”

“அடுத்த மூட்டை!” என்று கத்தினார் மேஸ்திரி.

*

சனிக்கிழமை சாயங்காலம் மருதையைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நாளைக்கு நீ வெளிய உட்காரு மாப்பிள்ளை. தங்கையன் ஆடட்டும்.”

மருதை தலையைச் சொறிந்தான்.

“சரிங்க மேஸ்திரி.”

“ஏன்னு கேக்க மாட்டியா?”

“தெரிஞ்சதுதானே. நானும் தினம் விடியக்காலையில செவுத்துல உதைச்சுப் பார்க்கிறேன். கால் கேக்க மாட்டேங்குது.”

“செவுத்துலயா? எங்க?”

“உங்க வீட்டுப் பின்செவுத்துல. உங்களுக்குச் சத்தம் கேட்டிருக்காது.”

கேட்டதில்லைதான். மேஸ்திரிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது அதட்டுவது அவர் வழக்கம்.

“வெளிய உட்கார்ந்தா வெளிய உட்கார்ந்த மாதிரி இருக்கணும். வாயைத் திறக்கக்கூடாது. உள்ள இருக்கிறவனுங்க தலை குழம்பும்.”

“சரிங்க மேஸ்திரி.”

அவன் தன் பூட்ஸைக் கழற்றித் தங்கையனிடம் கொடுப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தார். தங்கையன் பூட்ஸ் கிழிந்திருந்ததாம்.

*

ஞாயிறு நல்ல வெயில்.

இரண்டு எஸ்டேட்டும் திரண்டு வந்துவிட்டது. தேயிலைச் சரிவெல்லாம் தலைகள். கோட்டுக்கு அருகே ஒரு மேசையில் கோப்பை பளபளத்தது. மேஸ்திரி அதைப் பார்க்காத மாதிரி பார்த்தார்.

விசில் ஊதி முடிப்பதற்குள் ரூபன் ஒன்று வைத்தான். எங்கிருந்தோ அடித்தான். வலை கிழிந்துவிடும் போலிருந்தது. கீழ் எஸ்டேட் சனம் துள்ளியது.

“பார்த்தியா?” என்றார் மேஸ்திரி, பலகையில் உட்கார்ந்திருந்த மருதையிடம்.

“நல்லா அடிச்சான் மேஸ்திரி,” என்றான் மருதை. மனசாரத்தான் சொன்னான். வெறும் பாதத்தால் புல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

பாதி ஆட்டம் முடிந்தபோது மேல்சரிவில் ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தது. பழம் கடித்தபடி பையன்கள் அதைப் பார்த்தார்கள்.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. பனி வந்தாலும் ஆட்டத்தை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் வருசத்தில் பாதி நாள் பந்தையே தொட முடியாது. பந்தில் செம்மண்ணைப் பூசிவிட்டு ஆடுவார்கள்.

ரெஃப்ரி பந்தில் செம்மண் பூசினார்.

பனி வந்தது.

வந்த விதம் வழக்கம் போலத்தான். கோல், மரங்கள், கால்கள், தலைகள். சரிவில் உட்கார்ந்திருந்த சனம் மறைந்தது. கோப்பை மறைந்தது. பேச்சு மறைந்தது. உலகத்தில் மேஸ்திரியும், காலடியில் ஒரு சாண் சுண்ணாம்புக் கோடும் மட்டும் மிச்சம்.

உள்ளே மேல் எஸ்டேட் பையன்கள் விசிலடித்துக்கொண்டார்கள். அவர்கள் எல்லாரும் ஒரே லயத்துக்காரர்கள். ஒரு விசிலுக்கு ஓர் அர்த்தம். இங்கே ஒன்று, அங்கே ஒன்று, குருவிகள் போல.

கீழ் எஸ்டேட் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

ஒரு தடவை யாரோ இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். “யார்றா அது?” “நான்தான்டா, உன் ஆளு!”

விசில். விசில். விசில். வலையில் நின்ற நீர் சடசடவென்று உதிரும் சத்தம்.

மேல் எஸ்டேட் சரிவிலிருந்து மேளம் கேட்டது.

ஒன்றுக்கு ஒன்று.

மேஸ்திரி கோட்டோரமாக முன்னும் பின்னும் நடந்தார். “ரூபன்! உதைடா!” என்றார். “எங்க மேஸ்திரி?” என்று எங்கிருந்தோ அழாக்குறையாக வந்தது. “கோல் எந்தப் பக்கம்?”

அப்போது பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. கறுப்பாக, வட்டமாக. குடை.

குடைச்சாமி மலையை விட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை. வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது.

“நீங்க எங்க சாமி இங்க?”

“ஆட்டம் கேக்கல. அதான் என்னன்னு பார்க்க வந்தேன்.”

“கேக்கலையா? ஆட்டத்தை யாராவது கேப்பாங்களா?”

“மேல இருந்து எனக்கு என்ன தெரியும் மேஸ்திரி? எப்பவும் பனி. ஆனா சாயங்காலம் ஆனா ஆட்டம் கேக்கும். பந்து யாருகிட்ட, யாரு பின்னால யாரு, எந்தப் பக்கம் காலி, எல்லாம் வரும். நான் அங்க உட்கார்ந்தபடியே முழுசா பார்த்துருவேன்.” சாமி பனியை உற்றுப் பார்த்தார். “இன்னிக்கு ஒண்ணுமே வரல. இறங்கி வந்தா இங்கயும் வரல. ஆட்டம் நடக்குதா?”

மேஸ்திரி பனியின் பக்கம் திரும்பினார்.

அவர் காதில் ஒரு குரல் கேட்டது. இப்போது இல்லை. அன்றைக்கு, சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கேட்டது. மேஸ்திரி நடுவுல நிக்கிறாரு, ஒதுங்கி வாங்கடா.

ஒருவனும் மோதவில்லை.

சாமி குடையை மடக்கினார்.

“மருதை!” என்று கத்தினார் மேஸ்திரி. தொண்டை கிழிந்தது. “மருதை! எங்கடா இருக்க?”

“இங்கதான். பலகையில.” இரண்டடி தள்ளியிருந்து வந்தது.

“உள்ள போ.”

“பூட்ஸ் இல்லையே மேஸ்திரி.”

“பூட்ஸ் எதுக்குடா உனக்கு? போ!”

“யாரை வெளிய எடுக்கிறது?”

“கையில அகப்படுறவனை எடு!”

ரெஃப்ரியின் விசில் கேட்டது. வெறுங்கால்கள் ஈரப்புல்லில் ஓடிப்போய்க் கரைந்தன. கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து தங்கையன் வெளியே வந்தான், தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவன் போல. இரண்டு கால்களிலும் மருதையின் பூட்ஸ்.

அமைதி.

அப்புறம் அந்தக் குரல்.

“கீழ் எஸ்டேட்டு! பேர் சொல்லுங்கடா எல்லாரும்!”

“செல்வம்!” என்றது வெள்ளையின் ஒரு மூலை.

“ரூபன்!”

“பீட்டர், கோல்ல!”

“கதிரேசன். இங்க, கொடிக்கிட்ட!”

ஒவ்வொரு பெயருக்கும் பனியில் ஓரிடத்தில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. மேஸ்திரிக்கு மைதானம் தெரிந்தது. கண் திறந்திருந்ததா என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

“ரூபன், நீ கோடியில நிக்கிற, உள்ள வா. இன்னும். ஆங், நில்லு. செல்வம், பின்னால ஆள், விட்ரு! நான் எடுத்துக்கிறேன். எடுத்துட்டேன். கதிரேசா, ஓடு, நேரா ஓடு, ஒண்ணும் இல்லை முன்னால, பயப்படாதே!”

விசில்கள் இங்குமங்கும் அலைந்தன. குரல் அவற்றுக்கு நடுவே நடந்து போனது.

மேஸ்திரியும் அதன் பின்னாலேயே போனார். போகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் திருவிழாக் கூட்டத்தில் அப்பாவின் குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தது போல இருந்தது.

“என்கிட்ட இருக்கு. கோல் முன்னால. நான் அடிச்சா போய்ச் சேராது. ரூபன், வலது காலுக்குத் தர்றேன், பார்க்காதே, அடி!”

டம்.

நீர் சடசடவென்று உதிர்ந்தது.

நீள விசில். சரிவில் ஒரு பக்கம் இரைச்சல். எந்தப் பக்கம்? பனியில் இரைச்சலுக்குத் திசை கிடையாது. எல்லாப் பக்கமும் கத்தின. மறுபடி விசில், மூன்று தடவை.

ஆட்டம் முடிந்தது.

“யாரு?” என்று கத்தினார் மேஸ்திரி. சுற்றினார். குடை இல்லை. பலகை இல்லை. கோப்பை இருந்த மேசை எங்கே? “யாருடா அடிச்சது? சொல்லுங்கடா! யாரு கோலு?”

“நம்ம கோலுதான் மேஸ்திரி. ரூபன் அடிச்சான்.”

குரல் பக்கத்தில் இருந்தது. ஆள் தெரியவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

“மாமா.”

“என்னடா?”

“கிரவுண்டுக்குள்ள நிக்கிறீங்க. ரெண்டடி பின்னால வாங்க.”

மேஸ்திரி பின்னால் ஓரடி வைத்தார். இன்னோர் அடி வைத்தார்.

காலுக்கடியில் சுண்ணாம்புக் கோடு.